சாட்சி ஒப்பம்

களுவாஞ்சிகுடி நொத்தாரிசு கண்ணாடியை ஏற்றி
இறக்கி
வாசிக்கிறார்:
வடக்கே ஒழுங்கை.
கிழக்கே நாகப்போடி மகள் பூரணிப்பிள்ளையின் வளவு.
தெற்கே ஆலையடி வாய்க்கால்.
மேற்கே கதிராமனின் வெறுவளவு.

கதிராமன் போய்ப் பத்தொன்பது வருசம்.
உறுதிக்கு அது தெரியாது,
அதில் அவன் இன்னும் எங்கள் அயலவன்.

இந்நான்கு எல்லைக்குள் அடங்கிய கல்வீடு, கிணறு,
காய்க்கும் தென்னை ஏழு,
அவற்றின் பலன், வழி, வாய்க்கால் உரிமை சகலதும்
மூத்த மகள் சுகந்தமலருக்கு.

"தென்னை எட்டு" என்றேன்.
"காய்க்கிறது ஏழு எண்டுதானே சொன்னீங்க."
எட்டாவதைப் போன மாரியில் நட்டேன்.
ஆடு கடித்து, திரும்பத் தளிர்த்து
என் முழங்கால் உயரம் நிற்கிறது.
சரி, கிடக்கட்டும்.

கொடுப்பவர் என்ற இடத்தில் பெண்சாதி ஒப்பம் வைத்தாள்.
ஏற்பவர் என்ற இடத்தில் மகள்.
"நீங்க இதில" என்று பேனை முனை காட்டியது:
சாட்சி ஒன்று.
வேலாப்போடி தவராசா.
தொழில் வேளாண்மை.

பிறந்தது அம்மாவின் வீட்டில்.
அத்தான் வந்து கதிரையில் இருந்த அன்று
அது அக்காவின் வீடாயிற்று.
பிறகு முப்பத்தொரு வருசம் பெண்சாதி வீடு.
பின்பக்கத்து இரண்டு அறைக்கும்
ஆயிரத்து அறுநூறு கல், என் கையால் அரிந்தது;
மழை வந்த இரவு, காயாத கல்லுக்குப்
படங்கு போர்த்திவிட்டு
நான் நனைந்தேன்.
மருமகனாக வரப்போகிறவன்
வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான்,
வெள்ளைச் சேட்டில் எண்ணெய் படாமல்.
வீடு கிடைத்ததென்று நினைக்கிறான் போல.
பாவம்.
அவனுக்கும் ஒரு பேனை காத்திருக்கிறது, இதே மேசையில்.

வயல் இருக்கிறதே என்பீர்கள்.
மூன்று ஏக்கர் பெர்மிட் காணி,
மாமி செத்தும் பேர் மாறவில்லை.
தட்டுமாறு.
ஒரு வருசம் எங்கள் முறை,
மறு வருசம் சகலன் குஞ்சித்தம்பியின் முறை.
என் முறைக்கு வெள்ளம் வரும், அவன் முறைக்கு விலை வரும்.
நான் போட்ட எருவை அவன் அறுப்பான்,
அவன் போட்டதை நான் அறுப்பேன்;
அதனால் இருவரும் எரு போடுவதில்லை.
யானைக்கு மட்டும்
வருசா வருசம் அதன் முறை.

மேலவயல் ஆதம்லெவ்வை வரம்பில் ஒரு முழம் தின்றான் என்று
பத்து வருசம் நான் முகம் கொடுக்கவில்லை.
ஒரு கோடையில் வந்து பம்பு கேட்டான்.
கொடுத்தேன்.
இறைத்து முடிந்து வரம்பிலிருந்து வெற்றிலை போடும்போது சொன்னான்:
"அந்தத் தொங்கல்ல நீங்களும் ஒரு முழம் வெட்டித்தான் இரிக்கீங்க."
உண்மை.
அந்த ஒரு முழத்துக்கு மட்டும்
இன்றுவரை தட்டுமாறு இல்லை.

பின்னேரம் குருமண்வெளித் துறை.
பாதை வர நேரமாகும் என்றார்கள்.
தண்ணீரில் மிதக்கும் பலகைக்குப் பாதை என்று பேர் வைத்தவன்
என்னைப்போல ஒருத்தனாகத்தான் இருப்பான்:
நிற்கிற இடம் நகர்ந்துகொண்டேயிருக்கும்.
ஏறியபின் பெண்சாதி கேட்டாள்:
"என்ன, வாயத் திறக்காம வாறீங்க?"
"அந்த எட்டாவது தென்னை."
"அது உறுதியில இல்ல. நீங்களே வெச்சிக்கங்க"
என்று சிரித்தாள்.
உறுதியை மடியில் வைத்து,
காற்று தூக்காமல் ஒரு கையால் அழுத்தியபடி.

இரவு நாங்கள் வளவுக் கோடிக்கு மாறினோம்.
தகரக் கூரை, ஓர் அறை.
நான் தூக்கி வந்தவை
மண்வெட்டி, மருந்துத் தாங்கி, டோர்ச்,
யானைவெடி நாலு.
இளையவள் பதினொன்று படிக்கிறாள்.
பாயில் கிடந்தபடி பெண்சாதி கேட்டாள்,
ஓர் அறைக்கு எதற்கு இவ்வளவு அகல அத்திவாரம் என்று.
தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.
நானும் சொல்லவில்லை.

விடிய ஒரு லோட் மணல் வரும்.
கல் அரிய வேண்டும்.